சந்திரகிரியிலிருந்து கடலுக்கு ஒரு நாள்: உங்களுக்குத் தெரியுமா?

● திருப்பதிக்கும் கடற்கரை உண்டு! பழைய சித்தூர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானபோது நெல்லூர் மாவட்டத்தின் தென்பகுதி அதனுடன் சேர்ந்தது. சூளூர்ப்பேட்டை, ஸ்ரீஹரிகோட்டா, வாகாடு எல்லாம் அப்படி வந்தவைதான். ஏழுமலையான் மாவட்டத்துக்கு வங்கக் கடலும் கிடைத்தது.

● அதே மாவட்டத்தில் ஒரு பழைய தலைநகரமும் இருக்கிறது. 1565 தலைக்கோட்டைப் போரில் தோற்றபின் விஜயநகர அரசர்கள் பெனுகொண்டாவுக்குப் போனார்கள். 1592 வாக்கில் வேங்கடபதி ராயர் தலைநகரைச் சந்திரகிரிக்கு மாற்றினார். திருப்பதியிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடலாம். மலையடிவாரத்தில் ராஜ மகால், ராணி மகால் இரண்டும் நிற்கின்றன. மூன்று அடுக்கு ராஜ மகாலைக் கட்டியதில் மரத்துக்கு வேலையே இல்லை. கல், செங்கல், சுண்ணாம்பு மட்டுமே. உள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை விடுமுறை. தரிசனம் முடித்த கையோடு ரயிலேறிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதுமே!

● கடலுக்கு வழிகாட்ட ஓர் ஆறே இருக்கிறது. சுவர்ணமுகி, தமிழில் பொன்முகலி. சந்திரகிரிப் பக்கத்திலிருந்து திருப்பதி, காளத்தி, நாயுடுபேட்டை, வாகாடு வழியாக ஓடிக் கடலில் கலக்கிறது. மொத்த நீளமே சுமார் 130 கிலோமீட்டர்தான். நாயுடுபேட்டை வரை தேசிய நெடுஞ்சாலை 71 ஏறக்குறைய அதன் திசையிலேயே போகிறது. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல்தான் தெரியும். ஆற்றில் தண்ணீர் பார்க்க ஆசைப்பட்டால் வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் கிளம்புங்கள்.

● அச்சுதராயரைத் தெரியுமா? கிருஷ்ணதேவராயரின் தம்பி. சந்திரகிரிக் கோட்டையில் காவலில் இருந்தவர். அண்ணனுக்குப்பின் 1529-இல் அரசரானபோது திருப்பதியிலும் காளத்தியிலும் முடிசூட்டிக்கொண்டார்.

● காளத்தி என்றதும் கண்ணப்பரும் வாயுலிங்கமும் ராகு கேது பூஜையும் நினைவுக்கு வரும். கிரகண நேரத்தில் மற்ற கோயில்கள் நடை சாத்தும்போது இங்கே திறந்திருக்கும் என்பதும் பலருக்குத் தெரியும். கிருஷ்ணதேவராயர் 1516-இல் கட்டிய ராஜகோபுரம் 2010 மே 26 அன்று இரவு இடிந்து விழுந்தது. இப்போது நீங்கள் அண்ணாந்து பார்ப்பது அதே இடத்தில் புதிதாக எழுப்பி 2017-இல் குடமுழுக்கு செய்த கோபுரம்.

● கோயிலோடு திரும்பாமல், துணியில் கையால் ஓவியம் வரையும் ஒரு கலம்காரிப் பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள். மூங்கில் குச்சியைச் சீவி, நுனிக்குச் சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். அதுதான் பேனா. சுற்றிய பகுதி சாயத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விரலால் லேசாக அழுத்த அழுத்தக் கோடு இறங்கும். கறுப்புச் சாயம் என்ன தெரியுமா? துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்த சாறு. பேனாவில் இருக்கும்போது வெளிறித் தெரியும். கடுக்காயும் பாலும் ஏறிய துணியில் பட்டதும் கருத்துவிடும். கைவினையில் இதைவிட அழகான கணம் ஒன்றை நான் கண்டதில்லை.

● துணி வாங்கத்தான் ஆங்கிலேயரும் இந்தக் கரைக்கு வந்தார்கள். வாகாட்டுக்கு அருகே கடலோரம் துகராஜபட்டினம். 1626-இல் அங்கே பண்டகசாலை வைத்துப் பீரங்கிகளும் நிறுத்தினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களின் முதல் அரண் அதுதான். ஊருக்கு அவர்கள் வைத்த பெயர் ஆர்மகான். உதவி செய்த ஆறுமுக முதலியாரின் பெயர்தான் அப்படி ஆனது என்பார்கள். அங்குள்ள கலங்கரை விளக்கத்துக்கு இன்றும் அந்தப் பெயரே.

● ஆர்மகானின் தலைமை அதிகாரியாக இருந்தவர் பிரான்சிஸ் டே! வியாபாரம் சரிப்படாமல் நல்ல துணி மலிவாகக் கிடைக்கும் இடம் தேடித் தெற்கே போனார். சந்திரகிரி அரசருக்கு உட்பட்ட தாமர்லா வேங்கடாத்ரி நாயக்கர் மதராசப்பட்டினத்தில் இடம் கொடுத்தார். 1639 ஆகஸ்ட் 22, சென்னை தினமாக நாம் கொண்டாடும் நாள். நாயக்கரின் தந்தை சென்னப்பர் பெயரில் எழுந்ததுதான் சென்னப்பட்டினம். 1645-இல் மூன்றாம் ஸ்ரீரங்க ராயர் அந்த உரிமையை உறுதிசெய்தார். சென்னையின் முதல் அத்தியாயத்தைப் படிக்க நினைப்பவர் சந்திரகிரியையும் துகராஜபட்டினத்தையும் பார்த்தே ஆகவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

● ஒரே நாளில் முடியுமா? முடியும். திருப்பதியிலிருந்து துகராஜபட்டினக் கரை நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். காலையில் சந்திரகிரி, நண்பகலுக்குள் காளத்தி, பிறகு நாயுடுபேட்டை, வாகாடு, கடைசியில் தூப்பிலிபாளையம் கடற்கரை. மீனவர் கரை அது. சாப்பாட்டையும் குடிநீரையும் வழியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அலையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; ஆழத்துக்குப் போக வேண்டாம்.

● குழந்தைகளோடு போனால் நாயுடுபேட்டையில் தெற்கே திரும்பிச் சூளூர்ப்பேட்டைக்குப் போவதே என் தேர்வு. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை அதன் நடுவிலேயே போகிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை அடகானித்திப்பை அருகே இருபுறமும் பூநாரைகள் மேயும். வண்டியை விட்டு இறங்கிச் சத்தம் போடாமல் நின்றாலே போதும். தீவுக்குள் இஸ்ரோவின் ஏவுதளம் இருப்பதால் கடற்கரைக்கு விடமாட்டார்கள். ராக்கெட் ஏவுவதைப் பார்வையாளர் மாடத்திலிருந்து பார்க்க விரும்பினால் இணையத்தில் முன்பதிவு செய்து, அடையாள அட்டையோடு போக வேண்டும்.