சிரட்டையும் அகப்பையும் போதும்

ஊரில் ஒரு கைக்குழந்தையைச் சுற்றி வீடே நிற்கும். அம்மம்மாவின் மடி, முற்றத்து மணல், கிணற்றடிச் சத்தம், எண்ணெய் பூசிக் குளிப்பாட்டும் கை. இங்கே ஈஸ்ற்ஹாமிலோ ரூட்டிங்கிலோ ஓர் அறையில் குடியிருக்கும் எம்மவர் வீட்டில், கணவர் வேலைக்குப் போனபின் தாயும் பிள்ளையும் தொலைக்காட்சியும்தான். மாரியில் யன்னலும் திறப்பதில்லை.

மூளை வளர விளையாட்டுச் சாமான் வாங்கச் சொல்கிறார்கள் கடைக்காரர். கடன்பட்டு வாங்குவோரும் எம்மிடையே உண்டு. தேவையில்லை.

எலினோர் கோல்ட்ஷ்மிட் (1910–2009) என்ற ஆங்கிலேய மழலையர் கல்வியாளர் 'பொக்கிஷக் கூடை' என்ற முறையைப் பரப்பினார். எழும்பி இருக்கப் பழகி, இன்னும் தவழாத பிள்ளையின் முன், பதிவான கூடையொன்றில் வீட்டுப் பொருட்களை நிரப்பி வைப்பார். பிளாஸ்டிக் சேர்க்கமாட்டார். அதைத் தொட்டாலும் சுவைத்தாலும் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். எமது குசினியிலோ மர அகப்பை, மழித்த சிரட்டை, சில்வர் பேணி, பருத்தித் துணி, முழு எலுமிச்சம்பழம் எல்லாம் இருக்கின்றன. ஒன்று குளிரும், ஒன்று பாரம், ஒன்று மணக்கும். பிள்ளை எடுத்து, தட்டி, வாயில் வைத்துப் பார்க்கட்டும். நாம் பக்கத்தில் பேசாமல் இருந்தால் போதும். தொண்டையில் சிக்கக்கூடிய சிறிய பொருளும், கூரும், தும்பும் கூடாது. கச்சான் போன்ற முழுக் கொட்டைகளை ஐந்து வயதுவரை கொடுக்கவே வேண்டாம்.

காதுக்கும் தீனி வேண்டும். கனடாவில் ஜனற் வேர்க்கரும் ரிச்சர்ட் ரீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில வீட்டுப் பிள்ளைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் ஹிந்தியின் 'த', 'ட' ஒலிகளைப் பிரித்தறிந்தனர். ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலானோருக்கு அது முடியவில்லை. எமது 'பத்து', 'பட்டு' வேறுபாடும் இதே வகைதான். தொலைக்காட்சி இதற்கு உதவாது. அமெரிக்காவில் 2003இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஒன்பது மாதப் பிள்ளைகள் நேரில் பேசியவரிடமிருந்து சீன மொழியின் ஒலிகளைப் பழகினர். அதே பேச்சை ஒளிநாடாவில் பார்த்தவர்கள் பழகவில்லை.

ஆகவே உடுப்பு மாற்றும்போதும், புட்டு அவிக்கும்போதும் தமிழில் பேசுவோம்; ஓராட்டுவோம். ஆங்கிலம் நேசரியில் தானாக வரும். இப்போதே ஆங்கிலம் பேசினால்தான் பிள்ளை முன்னுக்கு வரும் என்ற பயம் வீண்.

இங்கிலாந்தில் ஒரு வயதளவிலும், இரண்டு முதல் இரண்டரை வயதுக்குள்ளும் ஹெல்த் விசிற்றர் குழு பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்கும். சத்தத்துக்குத் திரும்பாத பிள்ளையானால் அதுவரை காத்திராமல் அறிவியுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென முன்கூட்டியே கேட்கலாம், கட்டணம் இல்லை. எத்தனை சொல் பேசுகிறது என்று கேட்டால், தமிழ்ச் சொற்களையும் சேர்த்து எண்ணிச் சொல்லுங்கள்.