பிசிக்ஸ் கணக்கு எந்த வரியில் தவறுகிறது?

"பிள்ளைக்கு பிசிக்ஸ் ஏறவே மாட்டேங்குது" என்று வருகிற பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது விடைத்தாளைத்தான். மதிப்பெண்ணுக்காக இல்லை. கணக்கு எந்த வரியில் தடம் மாறியது என்று பார்க்க வேண்டும். பல தாள்களில் சூத்திரம் சரியாக இருக்கும், எண்களையும் சரியாகப் போட்டிருப்பார்கள். அடுத்த இரண்டு வரிக்குள் பிழை வந்துவிடும். அந்த இரண்டு வரியில் பிசிக்ஸே கிடையாது, எட்டாம் ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம்தான்.

டீயைக் குடித்துக்கொண்டே ஒரு தாளை எடுங்கள். 4 ஓம், 6 ஓம் மின்தடைகள் இரண்டைப் பக்க இணைப்பில் வைக்கிறோம். 1/ஆர் = 1/4 + 1/6 என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். இங்கிருந்து பாதை பிரிகிறது. சிலர் பகுதிகளைக் கூட்டி 1/10 என்று எழுதி, விடை 10 ஓம் என்பார்கள். அது தொடர் இணைப்புக்கான விடை! பக்க இணைப்பின் விதியை எழுதிவிட்டு, தொடர் இணைப்பில் போய் இறங்கியிருக்கிறார்கள். வேறு சிலர் 5/12 வரை சரியாக வந்து, அங்கேயே நின்று 0.42 ஓம் என்று முடிப்பார்கள். கிடைத்தது 1/ஆர், கேட்டது ஆர். தலைகீழாக்கினால் 12/5, அதாவது 2.4 ஓம்.

பக்க இணைப்பில் மொத்தத் தடை, இருப்பதிலேயே சிறிய தடையைவிடக் குறைவாக இருக்கும் என்று வகுப்பில் சொல்லித் தருகிறோம். அந்தச் சோதனை 10-ஐப் பிடித்துவிடும், 0.42-ஐ விட்டுவிடும். அதனால் இன்னும் ஒரு படி போகச் சொல்வேன். இரண்டும் 4 ஓமாக இருந்தால் விடை 2. இரண்டும் 6 ஓமாக இருந்தால் 3. அப்படியானால் நம் விடை 2-க்கும் 3-க்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். இந்த யோசனைக்கு அரை நிமிடம் கூட ஆகாது, இரண்டு பிழையும் அகப்படும்.

இன்னொரு வேர், "அந்தப் பக்கம் போனால் ப்ளஸ் மைனஸாகும்" என்ற மந்திரம். இரண்டு பக்கமும் ஒரே செயலைச் செய்கிறோம் என்பது தெரியாமல் மந்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டால், வர்க்கமூலம் வந்ததும் கை தடுமாறும். தனி ஊசலைப் பாருங்கள்: அலைவு நேரம் = 2பை × √(நீளம்/ஜி). ஜி-யைக் கண்டுபிடிக்க இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்த வேண்டும். பிள்ளைகள் மூலக்குறியை நீக்குவார்கள், 2பையை அப்படியே விட்டுவிடுவார்கள். நீளம் 1 மீட்டர், அலைவு நேரம் 2 நொடி என்றால் சரியான விடை ஏறக்குறைய 9.87. பிழையான வழியில் 1.57 வரும். நிலவின் ஈர்ப்பு முடுக்கமே 1.62தான்! ஊசலைச் சரியாக ஆட்டி, நேரத்தைச் சரியாக எண்ணிய பிள்ளைக்கு "சோதனை தவறு" என்று எழுதிக் கொடுப்பது எனக்குப் பொறுக்காது. திருத்த வேண்டியது அந்த ஒரு வர்க்கம் மட்டுமே.

எண்ணைப் போடும் அவசரமும் கெடுக்கிறது. உராய்வில்லாத சரிவில் 5 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் சறுக்கி வருகிறது, அடியில் வேகம் என்ன? நிறை கொடுக்கவில்லையே, கேள்வியே தப்பு என்பார்கள். எழுத்தாகவே வைத்து எழுதினால் நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். ஜி 10 என்றால் வேகம் நொடிக்கு 10 மீட்டர்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. 25 மீட்டர் கோபுர உச்சியிலிருந்து ஒரு கல்லை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேல்நோக்கி எறிகிறோம். தரையைத் தொட எவ்வளவு நேரமாகும்? மேலே ப்ளஸ் என்றால் தரை இருப்பது -25-இல். அந்த மைனஸை விட்டவர்களுக்கு டி² - 4டி + 5 = 0 என்று வரும். மூலக்குறிக்குள் -4 நிற்கும். "விடையே வரல சார்" என்று தாளை நீட்டுவார்கள். சமன்பாடு பொய் சொல்லவில்லை. கல் உச்சிக்கு மேலே 25 மீட்டரை எப்போது தொடும் என்று நீங்கள் கேட்டுவிட்டீர்கள். அது 20 மீட்டருக்கு மேல் ஏறவே ஏறாது.

குறியைத் திருத்தினால் டி² - 4டி - 5 = 0. தீர்வுகள் 5, -1. விடை 5 நொடி. -1-ஐ உடனே அடித்துவிடச் சொல்கிறோம். அடிக்கும் முன் அதன் பொருளையும் கேளுங்கள். ஒரு நொடி முன்பு தரையிலிருந்தே நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் ஒரு கல்லை எறிந்திருந்தால், அது நாம் எறியும் அதே கணத்தில், அதே 20 மீட்டர் வேகத்தோடு கோபுர உச்சியைக் கடந்திருக்கும்.