லயத்துக் குசினியும் சுரங்கக் காற்றும்

சுவீடனின் தலைநகர் ஸ்டொக்ஹோமில், நிலத்துக்கு அடியில் ஓடும் ரயில்களின் மேடை ஒன்றில் எடுத்த காற்று அளவீடுகள் 2003 இல் வெளியாகின. வேலை நாட்களில் அங்கே ஒரு கனமீற்றர் காற்றில் 2.5 மைக்ரோனுக்கும் சிறிய நுண்துகள்கள் சராசரியாக 260 மைக்ரோகிராம் இருந்தன. அந்த நகரின் வாகன நெரிசல் மிகுந்த வீதியில் இருந்ததைப்போல் 5 முதல் 10 மடங்கு. லண்டன் நிலத்தடி ரயில் மேடைகளைப் பற்றி 2005 இல் வந்த ஆய்வு 270 முதல் 480 மைக்ரோகிராம் வரை கண்டது. இத்தனைக்கும் அங்கே ஓடுபவை மின்சார ரயில்கள். புகை கக்கும் எஞ்சின் எதுவும் இல்லை. சக்கரம் தண்டவாளத்தில் உரசும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் இரும்பு தேய்ந்து உதிர்கிறது. அடுத்து வரும் ரயில் தன் முன்னால் தள்ளிக்கொண்டு வரும் காற்று அந்தத் தூசியை மறுபடி கிளப்பிவிடுகிறது. லண்டன் துகள்களின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இரும்பு ஒட்சைட்டாகவே இருந்தது.

இந்த ஆய்வுகள் வரும்வரை காற்று மாசு என்றால் வீதி, வாகனம், தொழிற்சாலைப் புகைபோக்கி என்றே பெரும்பாலும் பேசப்பட்டது. ஒரு மனிதனின் நுரையீரலுக்குள் எவ்வளவு போகிறது என்பதை அவன் வாழும் நகரத்தின் பெயரை வைத்துச் சொல்லிவிட முடியாது என்பதை நிலத்தடி ரயில் தெளிவாகக் காட்டியது. துகள் எங்கே உண்டாகிறது, அந்த இடத்தில் காற்று வெளியேற வழி உண்டா, அங்கே ஒருவர் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்ற மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. வழியை அடைத்தால் துகள் மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. தென்கொரியாவின் சோல் நகரில் மேடையோரம் கண்ணாடிக் கதவுகள் போட்ட பிறகு மேடையின் காற்று தெளிந்தது. ரயில் பெட்டிக்குள் இருந்த காற்றோ மோசமானது. சென்னை மெட்ரோவின் நிலத்தடி நிலையங்களிலும் அத்தகைய கதவுகள் இருக்கின்றன. அங்கே அளப்பவர்கள் மேடையோடு நின்றுவிடக் கூடாது.

இலங்கையின் ஊவா மாகாணத்தில் நிலத்தடி ரயில் இல்லை. ஆனால் 1924 இல் பதுளையை எட்டிய மலையக ரயில் பாதை நாற்பதுக்கு மேற்பட்ட சுரங்கங்களைத் துளைத்துக்கொண்டு வருகிறது. தெமோதரையில் அது ஒரு சுற்றுச் சுற்றி, தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. இழுப்பது டீசல் எஞ்சின். டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளென்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் உறுதி செய்தது. அப்படியென்றால் இந்தப் பகுதியில் அஞ்ச வேண்டிய மூடிய காற்று சுரங்கத்தினுடையது என்று தோன்றலாம். நேரத்தைக் கணக்கில் எடுத்தால் அந்த அச்சம் நிற்காது. பாதையிலேயே நீளமான ஹட்டன் சிங்கமலைச் சுரங்கமே அரைக் கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டியதுதான். மெதுவாகப் போகும் ரயிலுக்கும் ஒன்றரை நிமிடம் போதும். சுரங்கத்துக்குள் நின்று தண்டவாளம் திருத்தும் தொழிலாளரின் நிலை வேறு. அவர்களுக்கு முகக்கவசம் வேண்டும். பயணிகளுக்கு அது நினைவில்கூட நிற்காத புகை.

நேரமும் புகையும் அடைப்பும் ஒன்றாகக் கூடும் இடம் ரயில் பாதைக்கு மேலே, தேயிலைச் சரிவுகளில் இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்துத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளான லயங்களில் ஒரு குடும்பத்துக்கு உரியது ஒரு காம்பராவும் இஸ்தோப்பும் ஒட்டினாற்போல் ஒரு சிறு குசினியும். கூரை தகரம். சன்னல் இருந்தாலும் குளிருக்கு அஞ்சி அதை மூடியே வைப்பார்கள். புகைபோக்கி இல்லாத அடுப்பில் எரிவது கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மிலாறும் சவுக்குக் கிளையும். மழைக்காலத்தில் அவை பாதி ஈரம். ஈர விறகு தணிந்த சூட்டில் எரிந்து கூடுதலாகப் புகையும். வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்குப் போகுமுன் விடியற்காலையில் ஒருமுறை, கொழுந்து நிறுத்துத் திரும்பிய பின் இரவுச் சோற்றுக்கு ஒருமுறை, இடையில் தேநீருக்கும் வெந்நீருக்கும் எனப் பெண்கள் அந்தப் புகையில் நிற்கிறார்கள். கைக்குழந்தை இருந்தால் அதுவும் கூடவே இருக்கும்.

ஒரு சிறு கணக்குப் போடலாம். கனமீற்றருக்கு 400 மைக்ரோகிராம் தூசியுள்ள நிலத்தடி ரயிலில் லண்டன்காரர் ஒருவர் நாளொன்றுக்கு ஒரு மணிநேரம் போய்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மணிநேரத்தை 24 மணிநேரத்தின் மீது பரப்பினால் ஏறத்தாழ 17 மைக்ரோகிராம் வரும். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் ஒரு நாளுக்கு வகுத்த வழிகாட்டு அளவு 15. ஆக, மற்ற 23 மணிநேரமும் தூய காற்றையே சுவாசித்தாலும் அந்த ஒரு மணிநேரம் அவரை எல்லை தாண்ட வைக்கிறது. இதே 400 ஐ ஒரு குசினியில் வைத்து, அங்கே நான்கு மணிநேரம் நிற்கும் பெண்ணுக்குக் கணக்கிட்டால் 67 வருகிறது. இலங்கை 2008 இல் வெளிக்காற்றுக்கு விதித்த ஒரு நாள் தரமான 50 ஐயும் அது தாண்டிவிடுகிறது. 400 என்பதும் மிகைப்படுத்திய எண்ணன்று. காற்றோட்டம் குறைந்த வீட்டில் திறந்த அடுப்பு எரியும்போது நுண்துகள் ஏற்கத்தக்க அளவைவிட நூறு மடங்குவரை ஏறக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுப் புகையால் 2020 இல் உலகெங்கும் 32 இலட்சம் பேர் அகால மரணம் அடைந்தனர் என்பதும் அந்த நிறுவனத்தின் மதிப்பீடே.

இரும்புத் தூசியையும் விறகுப் புகையையும் ஒரே தராசில் நிறுக்கலாமா என்று ஒரு வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆய்வுகூடத்தில் வளர்த்த நுரையீரல் செல்களின் மீது ஸ்டொக்ஹோம் நிலத்தடித் துகளைத் தூவியபோது, வீதித் துகளைவிட அது மரபணுவை அதிகம் சிதைத்தது. ஆனால் அந்த ரயில்களை ஓட்டிய சாரதிகளிடம் நுரையீரல் புற்றுநோயோ மாரடைப்போ மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படவில்லை. விறகுப் புகைக்கு இப்படியொரு ஆறுதல் கிடையாது. அதன் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோனுக்கும் சிறியவை. கரியோடும் தாரோடும் நுரையீரலின் ஆழம்வரை போகின்றன. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், குழந்தைகளின் நிமோனியா, கண்புரை ஆகியவற்றோடு அந்தப் புகைக்குள்ள தொடர்பு பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. புற்றுநோய்ப் பட்டியலில் டீசல் முதல் வகுப்பிலும் வீட்டு விறகுப் புகை அதற்கு அடுத்த வகுப்பிலும் இருப்பதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அந்த வகுப்புகள் ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்பவை. எது எவ்வளவு பேரைக் கொல்கிறது என்பதை அவை சொல்வதில்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. அதன் இந்தியப் பகுதி தமிழ்நாட்டுக் கிராமங்களில், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பொறுப்பில் நடந்தது. பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகள் 24 மைக்ரோகிராம் அளவுக்கு இறங்கியது. விறகைத் தொடர்ந்தவர்களுக்கு 71. அப்படியிருந்தும் 2022 இல் வந்த முடிவில் குழந்தைகளின் பிறப்பு எடை குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. 2024 இல் வந்த முடிவில் நிமோனியாவும் குறையவில்லை. அடுப்பை மாற்றினால் அடுத்த ஆண்டே நோய் குறையும் என்று வாக்களிப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். எனினும் அடுப்பு மாறியது கருவுற்றுச் சில மாதங்கள் சென்ற பிறகு. குழந்தைகளைக் கவனித்தது ஒரு வயதுவரை. முப்பது ஆண்டுப் புகை ஒரு பெண்ணின் நுரையீரலில் செய்வதை அந்தக் காலஅளவு காட்டாது. அங்கே ஒரு வீட்டின் அடுப்பு மாறியபோது பக்கத்து வீட்டு விறகு எரிந்துகொண்டே இருந்தது என்பதையும் நினைக்க வேண்டும். லயத்தில் இது இன்னும் கடுமை. ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள், சில இடங்களில் முதுகோடு முதுகாக அதைப்போல் இருமடங்கு. பல பழைய லயங்களில் இடைச்சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாக ஒரு வீட்டுப் புகை அடுத்த வீட்டுக்குள் இறங்குகிறது. இங்கே வீடு வீடாக அடுப்பு மாற்றுவது காசைக் கரைக்கும் வேலை. மாற்றினால் ஒரு லயம் முழுவதையும் மாற்ற வேண்டும்.

எரிவாயுவைக் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்பதும் எளிய பேச்சு. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியபோது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஏறக்குறைய ஐந்து நாள் வேலை ஒரு சிலிண்டருக்கே சரி. மிலாறுக்கு விலை இல்லை, சுமக்கும் முதுகு மட்டுமே வேண்டும். அப்புத்தளையிலும் பூணாகலையிலும் இரவுக் குளிருக்கு அந்த அடுப்பே கணப்பும்கூட. எரிவாயு அந்த வேலையைச் செய்யாது. இலங்கையில் பரவிய அனகி மண் அடுப்பு விறகைக் கணிசமாக மிச்சப்படுத்துகிறது, ஆனால் அதற்கும் புகைபோக்கி கிடையாது. எனவே விறகு இன்னும் பல ஆண்டுகள் எரியும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். புகை வெளியேற வழி, கூரையோடு முட்டும் இடைச்சுவர், விறகை உலர வைக்க ஒரு தாழ்வாரம் என்ற மூன்றுமே கொத்தனாரின் வேலைதான்.

மண்சரிவுக்கு அஞ்சும் மக்களிடம் புகையைப் பற்றிப் பேசுவதா என்று கேட்பவர்கள் மீரியபெத்தையை நினைவுபடுத்துவார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தைக்கு அருகே லயங்களோடு சேர்த்து மலை சரிந்தது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரித்தது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். காற்றின் தரத்தை அளப்பதும் அதே நிறுவனத்தின் பணிகளில் ஒன்று. இரண்டு ஆபத்தையும் அளக்கத் தெரிந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, ஒன்றைப் பேசினால் மற்றது மறக்கப்படும் என்ற வாதம் எனக்குப் பொருந்தவில்லை. உயிர் தப்பிய குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு தங்கி, 2016 இல் பூணாகலைப் பக்கம் புதிய வீடுகளுக்குப் போயின. இந்திய உதவியுடன் மலையகத்தில் எழும் வீடுகளும் லயத்தைவிட எத்தனையோ மேல். சுவர் எழுமுன் குசினிக்குப் புகைபோக்கி வரைவதற்குச் செலவு சொற்பம். குடிவந்த பிறகு உடைத்துச் சேர்ப்பதற்குச் செலவும் அதிகம், கடனும் அதிகம்.

நம் சட்டத்தின் 50 மைக்ரோகிராம் வரம்பு வெளிக்காற்றுக்கு மட்டுமே உரியது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் தானியங்கி அளவீட்டு நிலையங்கள் பத்தரமுல்லையிலும் கண்டியிலும் வெளியில் நிற்கின்றன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பதுளை மாவட்டத்தில் ஏதாவது ஒரு தோட்டத்தின் லயம் முழுவதையும் தேர்ந்து, ஒவ்வொரு குசினியிலும் ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் துகள்மானி வைத்து, கிடைத்த எண்களை அந்த லயத்து மக்களிடமே தமிழில் கொடுக்க வேண்டும். இனிக் கட்டும் எந்தத் தோட்ட வீட்டுக்கும் புகைபோக்கியில்லாத வரைபடத்தைத் தோட்ட வீடமைப்புக்குப் பொறுப்பான அமைச்சு அங்கீகரிக்கக் கூடாது.