கூரைத் தொழிலாளி மேயரானார்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்றொரு தொழில் நகரம். அங்கே கூரை வேயும் தொழிலாளியாக இருந்தவர் ஜாஸ்பர் மெக்லீவி. சோஷலிஸ்ட் கட்சி என்ற சின்னக் கட்சிக்கு அந்த வட்டாரத்தில் தலைவர். மேயர் தேர்தலில் நின்றார், தோற்றார். மறுபடி நின்றார், மறுபடியும் தோற்றார். பொருளாதாரப் பெருமந்தத்தில் ஊரே வேலையின்றித் தவித்த 1933-இல்தான் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்புறம் 1957 வரை, 24 ஆண்டுகள் அவரே மேயர்!

கட்சிக்காரர்களுக்கே நகராட்சி வேலை என்ற வழக்கத்தை மாற்றி, தகுதி பார்த்து ஆளெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். எவ்வளவு பெரிய காரியம் அது! சிக்கனத்திலோ கறார், தெருவில் குவிந்த பனியை அள்ளக்கூட நகராட்சிப் பணத்தை எளிதில் எடுக்க விடமாட்டார். அதில் ஊர்க்காரர்களுக்கு வருத்தமும் உண்டு. ஆனாலும் அந்த 24 ஆண்டுகளும் வாக்குப்பெட்டி அவர் பக்கமே நின்றது.