களப்பணிக்குப் போகும் கைப்பேசி

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றதும் மூத்த ஆசிரியர்களுக்கு நினைவுக்கு வருவது நீளமான படிவங்களும், அவற்றை மடியாமல் எடுத்துச் செல்ல வைத்திருந்த அட்டையும்தான். 2011 வரை அப்படித்தான் நடந்தது. 2027 கணக்கெடுப்பில் அந்தப் படிவத்தின் இடத்துக்குக் கைப்பேசிச் செயலி வந்துவிட்டது. வாக்குச்சாவடி நிலை அலுவலராகப் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு, எமிஸ் பதிவுகள் என மற்றவர்களும் இதற்குப் பழகியவர்கள்தான். இவற்றில் பெரும்பாலானவற்றை நாம் செய்வது சொந்தக் காசில் வாங்கிய கைப்பேசியில்.

வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருப்பதால் இத்தகைய பயிற்சிகள் பலவற்றில் நான் பங்கேற்கிறேன். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், எந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்று விளக்குவதிலேயே பயிற்சி நேரம் கரைந்துவிடும். அந்தச் செயலி இருக்கும் கைப்பேசியைப் பற்றிப் பேச நேரம் இருப்பதில்லை. பயிற்சியில் விட்டுப்போகும் அந்தப் பகுதியை இங்கே எழுதுகிறேன்.

பாதுகாப்பு என்றவுடன் எங்கோ இருந்துகொண்டு நம் கைப்பேசிக்குள் புகும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்கிறோம். நம் அளவில் கவலைப்பட வேண்டியது பெரும்பாலும் அது அல்ல. செயலியில் பதிவேற்றிய விவரம் வழங்கிக்குப் போய்விடும். அந்தப் பதிவேற்றத்துக்காக நாம் சேர்த்து வைத்த படங்களும் கோப்புகளும் கைப்பேசியிலேயே தங்கிவிடும். சிக்கல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு எடுத்துக்காட்டு. எமிஸில் ஒரு மாணவியின் பெயரைத் திருத்த வேண்டும். அம்மாவிடம் ஆதார் நகல் கேட்கிறோம். அவர் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அது நம் உரையாடலில் இருக்கும். தானாகவே கேலரியிலும் சேமிக்கப்படும். கூகுள் போட்டோஸில் காப்பு வசதி அந்தக் கோப்புறைக்கும் இயக்கப்பட்டிருந்தால் இணையக் கணக்குக்கும் போகும். தலைமை ஆசிரியர் கேட்டாரென்று அவருக்கு அனுப்பினால் அவர் கைப்பேசியில் இன்னும் இரண்டு இடங்களில் சேரும். அச்சு எடுக்க ஜெராக்ஸ் கடைக்காரரின் எண்ணுக்கு அனுப்பினால், அவர் கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையிலும் ஒரு பிரதி கிடக்கும். அந்த அம்மா ஒரே ஒரு முறைதான் அனுப்பினார். பெயர் திருத்தமும் அன்றே முடிந்துவிட்டது. படம் மட்டும் ஆறேழு இடங்களில் ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

இருந்தால் என்ன என்று கேட்கலாம். கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது என்று சொல்லிப் பெற்றோரை அழைத்து, ஓ.டி.பி. கேட்டோ கியூ.ஆர். குறியீடு அனுப்பியோ பணம் பறிக்கும் மோசடி நாம் அறிந்ததே. முன்பின் தெரியாத குரலைப் பெற்றோர் ஏன் நம்புகிறார்கள்? பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி, அப்பாவின் பெயர் எல்லாவற்றையும் அந்தக் குரல் சரியாகச் சொல்கிறது. இவ்வளவும் தெரிந்தவர் பள்ளியிலிருந்துதானே பேச வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். நாம் வாட்ஸ்அப் குழுவில் போடும் ஒரு எக்செல் கோப்பில் ஒரு வகுப்புக்கே இந்த விவரம் வரிசையாக இருக்கிறது. குழுவில் இருப்பவர் எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கட்டும். அவர்களில் ஒருவருடைய கைப்பேசி தொலைந்தாலே போதும்.

ஆகவே திரைப் பூட்டிலிருந்து தொடங்குவோம். இன்றைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் உள்ளே இருப்பதைக் குறியாக்கம் செய்தே வைத்திருக்கின்றன. அந்தக் குறியாக்கத்தைத் திறக்கும் சாவி நம் திரைப் பூட்டோடு பிணைக்கப்பட்டது. விரலால் இழுத்தாலே திறக்கும்படி வைத்திருந்தால் அந்த ஏற்பாட்டால் பயனில்லை. நான்கு இலக்க எண்ணுக்கு 10,000 சேர்க்கைகள், ஆறு இலக்கத்துக்கு 10 லட்சம். பிள்ளை பிறந்த ஆண்டு, வண்டி எண் ஆகியவை தெரிந்தவர் முதலில் முயன்று பார்ப்பவை என்பதால் அவை வேண்டாம். கோலம் போல இழுக்கும் பூட்டு கண்ணாடியில் விரல் தடத்தை விட்டுவிடும். எண் பூட்டே மேல்.

பூட்டிய திரையிலேயே குறுஞ்செய்தி முழுதாகத் தெரியும்படி பலர் வைத்திருக்கிறார்கள். ஓ.டி.பி.யும் அப்படியே தெரியும். அறிவிப்புகளுக்கான அமைப்பில், பூட்டிய திரையில் உள்ளடக்கத்தை மறைக்கும் வசதி இருக்கிறது. இயக்கிவிடுங்கள்.

சிம் அட்டைக்கும் தனிப் பூட்டு உண்டு. பலரும் அதைப் பயன்படுத்துவதில்லை. கைப்பேசி எவ்வளவு உறுதியாகப் பூட்டப்பட்டிருந்தாலும், திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு கைப்பேசியில் போட்டால் நமக்கு வரும் ஓ.டி.பி. அவருக்குப் போகும். சிம் பின் எண் வைத்திருந்தால் அது நடக்காது. ஒரு எச்சரிக்கை: பின் எண்ணை மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும், பிறகு பி.யூ.கே. எண் வேண்டும். தொடக்கத்தில் உள்ள பின் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வாடிக்கையாளர் சேவையில் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள், ஊகித்துப் பார்க்க வேண்டாம்.

பூட்டு இருந்தும், திறந்த கைப்பேசியை நாமே பிறர் கையில் கொடுக்கும் தருணங்கள் உண்டு. வகுப்பில் மாணவர் கையில் மதிப்பீட்டுக்காக, வீட்டில் நம் பிள்ளை கையில் விளையாட்டுக்காக. அப்போது ஆப் பின்னிங் என்ற வசதி உதவும். ஒரு செயலியை மட்டும் திரையில் நிறுத்திவிடலாம். அதிலிருந்து வெளியே வரப் பூட்டு எண் கேட்கும்படியும் செய்யலாம். பாதுகாப்பு அமைப்புகளில் தேடினால் கிடைக்கும், பெயர் மட்டும் நிறுவனத்துக்கு ஏற்பச் சற்று மாறும். அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துள்ள கையடக்கக் கணினிகளிலும் செய்து பாருங்கள்.

வெளியிலிருந்து உள்ளே வருவதில் நாம் கவனிக்க வேண்டியது ஏ.பி.கே. கோப்பு. போக்குவரத்து அபராதம், விவசாயிகள் உதவித்தொகை, திருமண அழைப்பிதழ் என்ற பெயர்களில் இவை வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் ஓ.டி.பி. எல்லாம் போகும். ஆசிரியர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. பதிவேற்றத்துக்குக் கடைசி நாள், செயலி திறக்க மறுக்கிறது, குழுவில் யாரோ ‘இந்தப் புதிய பதிப்பைப் போட்டுப் பாருங்கள் சார்’ என்று ஒரு கோப்பை அனுப்புகிறார். அனுப்பியவர் நல்லெண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார். அவருக்கு அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. பிளே ஸ்டோரிலிருந்தோ துறை உத்தரவில் காட்டிய வழியிலோ அல்லாமல் எதையும் நிறுவ வேண்டாம். கடைசி நாள் தவறினால் நீட்டிப்புக் கேட்கலாம்.

தொலைந்துவிட்டால்

தொலைவதற்கு முன்பே செய்ய வேண்டியவை இரண்டு. *#06# என்று அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். இரட்டைச் சிம் கைப்பேசியில் இரண்டு எண்கள் வரும், இரண்டையும் எழுதுங்கள். அடுத்து, கைப்பேசியைக் கண்டறியும் கூகுள் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். அது இயங்கினால், வேறொருவர் கைப்பேசியில் நம் கணக்கில் நுழைந்து, தொலைந்ததைத் தொலைவிலிருந்தே பூட்டலாம், தேவையானால் அழிக்கலாம்.

தொலைந்த அன்று அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். பிறகு சிம்மை முடக்கி, அதே எண்ணில் மாற்று சிம் வாங்குங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதன் நகலுடன் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பதிவு செய்தால், ஐ.எம்.இ.ஐ. எண் வழியாக அந்தக் கைப்பேசியை இந்தியாவில் எந்த வலைப்பின்னலிலும் இயங்காமல் தடுக்க முடியும். அங்கே ஓ.டி.பி. கேட்பதால்தான் மாற்று சிம்மை முன்பே வாங்கச் சொல்கிறேன். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணை அழைக்க வேண்டும். எமிஸ் உள்ளிட்ட பணிக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதில்தான் நாம் தயங்குகிறோம். தலைமை ஆசிரியரிடமும் மேற்பார்வையாளரிடமும் சொல்ல வேண்டும். ‘விளக்கம் கேட்பார்களோ’ என்ற அச்சத்தில் இரண்டு நாள் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருப்பவர்கள் உண்டு. அந்த இரண்டு நாளில்தான் சேதம் நடக்கும். சொந்தக் கைப்பேசியை அரசுப் பணிக்குக் கொண்டுவருபவர் அதைத் தொலைத்தால் முதலில் உதவியும், பிறகு தேவையானால் விளக்கமும் கேட்பதுதான் முறை என்பது என் கருத்து. தலைமை ஆசிரியர்கள் இதைப் பணியாளர் கூட்டத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் நல்லது.

யாருடைய விவரம்?

1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு ஒரு வாக்குறுதியைத் தருகிறது. கணக்கெடுப்பாளர் பதிவு செய்ததைப் பார்வையிட யாருக்கும் உரிமை இல்லை; அந்தச் சட்டத்தின்கீழ் தொடரப்படும் வழக்கைத் தவிர, வேறு வழக்குகளில் அதைச் சாட்சியமாகவும் ஏற்க முடியாது. அந்த உறுதி இருப்பதால்தான் வாசலில் நிற்கும் நம்மிடம் ஒருவர் தன் வீட்டு விவரத்தைச் சொல்கிறார். செயலிக்குள் போனதைச் சட்டம் காக்கிறது. செயலி திணறியதால் கைப்பேசிக் குறிப்பில் அவசரமாகத் தட்டச்சு செய்து வைத்ததையும் படம் எடுத்து வைத்ததையும் நாம்தான் காக்க வேண்டும். 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே கருதி, அவர்கள் தரவுக்குக் கூடுதல் காப்பு தருகிறது. நம் மாணவர் ஏறக்குறைய எல்லோரும் அதில் அடங்குவர்.

நடைமுறையில் சில சிறு மாற்றங்கள் போதும். வாட்ஸ்அப் அமைப்பில் மீடியா விசிபிலிட்டியை அணைத்தால் புதிதாக வரும் படங்கள் கேலரியில் சேராது. ஆதார் நகல் கேட்கும்போது, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதுமா என்று முதலில் பாருங்கள். பல நேரங்களில் போதும். அச்சு எடுக்க பென் டிரைவில் கொண்டுபோய், கோப்பைக் கடைக் கணினியில் நகலெடுக்காமல் நேராக அச்சிடச் சொல்லலாம். அங்கே வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், லிங்க்ட் டிவைசஸ் பகுதிக்குப் போய் வெளியேறிவிட்டே கிளம்புங்கள்.

பதிவேற்றம் முடிந்து சரிபார்த்த பிறகு படங்களை அழியுங்கள். அழித்ததும் போய்விடுவதில்லை. கூகுள் போட்டோஸ் குப்பைத் தொட்டியில் காப்பெடுத்த படம் 60 நாளும், காப்பெடுக்காதது 30 நாளும் இருக்கும். அதையும் காலி செய்ய வேண்டும். புதுக் கைப்பேசி வாங்கி, பழையதை விற்கும்போது கணக்கை நீக்கிவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். விற்காமல் பிள்ளை விளையாடட்டும் என்று கொடுத்துவைத்த பழைய கைப்பேசி ஒன்று பல வீடுகளில் இருக்கும். முந்தைய களப்பணிப் படங்கள் இன்னும் அதில்தான் இருக்கக்கூடும். இந்த வார இறுதியில் அதை எடுத்துப் பாருங்கள்.