திருவந்திபுரத்தில் மூன்று மொழிகள்: எஞ்சிய நூல்களும் மறைந்த நூல்களும்

பல மொழிகள் வழங்கும் நாட்டில் அப்பன்மை என்ன விளைவிக்கிறது என்னும் வினாவுக்கு இருவகை விடைகள் வழக்கமாகக் கூறப்படுகின்றன. ஒற்றுமை குலையும் என்பர் ஒரு சாரார். பண்பாடு செழிக்கும் என்பர் மறு சாரார். இருவரும் ஒரு மொழியில் தோன்றிய படைப்பை யார், எதன் வழியே காத்து வந்தனர் என்பதைப் பெரும்பாலும் கருதுவதில்லை. கடலூரை அடுத்துக் கெடிலக் கரையில் அமைந்த திருவந்திபுரத்தின் இலக்கிய வரலாறு இதனை ஆராய ஏற்ற களமாக உள்ளது.

இவ்வூரின் பெயரிலேயே மொழிகளின் உறவு படிந்துள்ளது. ஆதிசேடனைக் குறிக்கும் 'அஹீந்திரன்' என்னும் வடசொல்லோடு தொடர்புபடுத்தப்படும் இப்பெயர், திருமங்கையாழ்வார் பாசுரத்தில் 'திருவயிந்திரபுரம்' என வருகிறது. வேதாந்த தேசிகர் அதனை 'அயிந்தை' எனச் சுருக்குகிறார். இன்றைய வழக்கில் திருவந்திபுரம் என நிற்கிறது. இவ்வூர்க் கல்வெட்டும் கருதத்தக்கது. காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராசராச சோழனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்ததையும், போசள மன்னன் நரசிம்மன் அனுப்பிய தண்டநாயகர்கள் அவனை மீட்டதையும் கூறும் 1231–32 காலத்துக் கல்வெட்டு அது. கன்னட நாட்டு வேந்தனின் வெற்றியைச் சொல்லும் அதன் மொழி தமிழே. படிப்போர் தமிழர் என்பதால் தமிழில் எழுதினர். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பதே அக்காலப் பன்மொழிச் சூழலின் இயல்பைக் காட்டுகிறது.

காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புலில் பிறந்த தேசிகர் (மரபுவழிக் கணக்கில் 1268–1369) இவ்வூரில் நெடுங்காலம் வாழ்ந்தார். இங்குள்ள தெய்வநாயகப் பெருமாள் மீது மூன்று மொழிகளில் பாடினார். வடமொழியில் 53 சுலோகங்கள் கொண்ட தேவநாயக பஞ்சாசத்து. மகாராட்டிரிப் பிராகிருதத்தில் 101 செய்யுட்கள் கொண்ட அச்சுத சதகம். தமிழில் மும்மணிக்கோவை, பந்து, கழல், அம்மானை, ஊசல், ஏசல், நவமணிமாலை. இவற்றையெல்லாம் தாம் பாடியதாக நவமணிமாலைச் செய்யுள் ஒன்றில் அவரே எண்ணிக் காட்டுகிறார். மும்மொழிப் படைப்புகளின் பட்டியலைத் தமிழ்ச் செய்யுளில் அமைத்தமை தற்செயலாக இராது என்பது என் கருத்து.

இப்பட்டியலில் இன்று எஞ்சியவை எவை எனப் பார்த்தால் எதிர்பாராத விடை கிடைக்கிறது. வடமொழி நூலும் பிராகிருத நூலும் முழுமையாக உள்ளன. தமிழில் நவமணிமாலை முழுமையாகவும், இலக்கணப்படி 30 பாடல்கள் இருக்கவேண்டிய மும்மணிக்கோவையில் 10 பாடல்களும் கிடைக்கின்றன. பந்து, கழல், அம்மானை, ஊசல், ஏசல் ஆகிய ஐந்தும் கிடைக்கவில்லை. தேசிகர் காலத்திலேயே பேச்சு வழக்கில் இல்லாத பிராகிருதத்தின் நூல் நிலைத்திருக்க, ஊரார் நாவில் வாழ்ந்த மொழியின் நூல்கள் மறைந்துள்ளன.

அச்சுத சதகத்தைக் காத்தது பிராகிருதம் பேசிய சமூகமன்று. பிராகிருதச் செய்யுளை வரிக்கு வரி வடமொழியாக்கித் தரும் 'சாயை' என்னும் முறை ஒன்றுண்டு. அதன் துணையால் வடமொழி கற்றோர் அந்நூலைத் தம் தோத்திரத் தொகுதியில் ஒன்றாகவே பயின்று வந்தனர். மறைந்த தமிழ் நூல்களில் நான்கின் பெயர்களோ மகளிர் விளையாட்டோடு பிறந்த பாடல் வகைகளைச் சேர்ந்தவை. பந்தடிக்கும்போதும் ஊஞ்சலாடும்போதும் பாடப்படும் வகையைப் பாடம் கேட்கும் நூலாகக் கருதி ஏடெழுதிக் காக்கும் ஏற்பாடு வலுவாக இல்லாதிருந்திருக்கலாம். இது ஊகமே, எனினும் ஐந்தும் ஒருங்கே மறைந்தமைக்கு இதனினும் பொருத்தமான காரணம் புலப்படவில்லை.

தேசிகர் கையாண்ட மூன்று மொழிகளும் இன்று இந்திய அரசின் செம்மொழிப் பட்டியலில் உள்ளன: தமிழ் 2004, சமற்கிருதம் 2005, பிராகிருதம் 2024. தாய்மொழியாளர் இல்லாத பிராகிருதமும் இதனால் ஆய்வு ஆதரவு பெறுகிறது; வரவேற்கத்தக்கதே. ஆயினும் பழமையான எழுத்திலக்கியம் உடைமை இத்தகுதிக்கு அடிப்படை என்பதால், வாய்மொழியில் மட்டும் வாழும் மொழிகள் இதில் இடம்பெற வழியில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழிப் பட்டியலில் பத்தாயிரம் பேருக்குக் குறையாமல் பேசப்படும் 121 மொழிகளே தனித்துப் பெயர் பெறுகின்றன. நீலகிரியின் தோடர் மொழி அவற்றுள் இல்லை. வழிபாடு, சடங்கு, எருமை மந்தை என வாழ்வின் எல்லாக் கூறுகளையும் பாட்டாக்கிய மொழி அது. 1930களில் நீலகிரியில் களப்பணி செய்த மொழியியலறிஞர் எமனோ அப்பாடல்களைச் செவிவழிக் கேட்டு எழுதி, 1971இல் நூலாக வெளியிட்டார். அயிந்தையின் ஊசலுக்கும் அம்மானைக்கும் அப்படி எழுதிவைத்த ஒருவர் இருந்ததற்குச் சான்றில்லை.