மாற்று எஞ்சினுக்கு ஏற்ற ரேடியேட்டர்

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. நடந்து செல்பவர் கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால் மாலை வேளையில் கார்களின் வரிசை அங்கே மணிக்கணக்கில் ஊர்ந்து செல்லும். நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் யாதொரு குறையுமின்றி ஓடிவந்த விளையாட்டுக் கார் ஒன்று, இந்த வரிசையில் நின்றவுடன் வெப்பம் ஏறி, ஆவி கக்கி, வழியை அடைத்துக்கொண்டு நின்றுவிடுவதுண்டு. ஓடும்போது கொதிக்காத எஞ்சின் நிற்கும்போது ஏன் கொதிக்கிறது? காரின் பழைய எஞ்சினை அகற்றிவிட்டு வலிமை மிகுந்த வேறோர் எஞ்சினைப் பொருத்துவோர் முதலில் விடை காணவேண்டிய வினா இதுவே.

மலேசியாவில் இவ்வழக்கம் புதியதன்று. ஜப்பானில் கழிக்கப்பட்ட கார்களின் முன்பாதியை வெட்டி, எஞ்சினோடும் கியர்ப் பெட்டியோடும் இறக்குமதி செய்து விற்பர். அதனை ‘ஹாஃப்-கட்’ என்பது பட்டறை வழக்கு. மிட்சுபிஷி லான்சர் காரின் 1.8 லிட்டர் டர்போ எஞ்சினைப் புரோட்டோன் சத்ரியாவிலும் புத்ராவிலும் ஏற்றுவது இவ்வகையில் நன்கு அறியப்பட்ட மாற்றம். எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையில் ஆய்வும் பதிவும் பெறவேண்டும் என்பது சட்டம். சட்டத்தின் ஒப்புதலைத் தாளில் பெறலாம். வெப்பத்தின் ஒப்புதலை அவ்வாறு பெற இயலாது.

பெயரில் உள்ள பிழை

ரேடியேட்டர் என்னும் சொல் கதிர் வீசுவது என்னும் பொருளுடையது. அப்பெயரை நம்பினால் அதன் பணியைப் பிழைபட உணர நேரும். ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். கால் சதுர மீட்டர் முகப்புள்ள ரேடியேட்டர் 90 பாகை செல்சியசு வெப்பநிலையில் இருப்பதாகவும், சுற்றுப்புறம் 32 பாகை இருப்பதாகவும் கொள்வோம். முன்னும் பின்னுமாக அது கதிர்வீச்சால் இழக்கும் வெப்பம் 200 வாட்டுக்குச் சற்று மிகுதி. இரண்டு பழைய மின்விளக்குகள் கொள்ளும் அளவே. கடுமையாக உழைக்கும் எஞ்சின் நீருக்குக் கொடுக்கும் வெப்பமோ 60,000 வாட்டு அளவில் இருக்கும். ஆகவே கதிர்வீச்சின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. எஞ்சிய அனைத்தையும் காற்றே வாங்கிக்கொண்டு செல்கிறது. நீரின் வெப்பத்தைக் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் கருவியே ரேடியேட்டர்.

இவ்வுண்மையை முதலில் நன்கு பயன்படுத்தியவர் ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மைபாக். 1886-ஆம் ஆண்டில் பென்ஸ் காப்புரிமை பெற்ற முதல் வண்டியில் நீர் கொதித்து ஆவியாவதே குளிர்விக்கும் முறை. 1888-ஆம் ஆண்டில் பெர்த்தா பென்ஸ் அம்மையார் அவ்வகை வண்டியில் நெடும்பயணம் மேற்கொண்டபோது வழிநெடுக நீர் ஊற்றிக்கொண்டே செல்ல நேர்ந்தது. மைபாக் 1900-ஆம் ஆண்டில் 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காருக்காகத் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். அதில் 6 மில்லிமீட்டர் சதுர வாயுள்ள 8,070 சிறு குழல்கள் இருந்தன. குழல்களின் உள்ளே காற்றும் இடுக்குகளில் நீரும் ஓடின. நீரை மிகுத்தலன்று, காற்றுத் தீண்டும் பரப்பை மிகுத்தலே வழி என்பதை அவ்வமைப்பு உலகுக்குக் காட்டிற்று.

நீரும் காற்றும்

பெட்ரோலில் அடங்கிய ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் உழைப்பாகிறது. ஏறத்தாழ ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. மற்றொரு பங்கு உருளைகளின் சுவரிலும் தலைப்பகுதியிலும் ஏறி நீரை அடைகிறது. எனவே எஞ்சினின் உழைப்பு இரட்டித்தால் ரேடியேட்டரின் சுமையும் ஏறத்தாழ இரட்டிக்கும்.

மேலே கூறிய 60,000 வாட்டு வெப்பத்தையே எடுத்துக்கொள்வோம். ரேடியேட்டரில் நுழையும் நீர் 6 பாகை குளிர்ந்து வெளியேற வேண்டுமெனில் நொடிக்கு 2.4 லிட்டர் நீர் ஓடினால் போதும். அதே வெப்பத்தை வாங்கும் காற்று 32 பாகையிலிருந்து 72 பாகைக்குச் சூடேறுவதாகக் கொண்டால், நொடிக்கு 1.3 கன மீட்டர், அதாவது 1,300 லிட்டர் காற்று செல்லவேண்டும். நீரினும் ஐந்நூறு மடங்குக்கு மேற்பட்ட பருமனுடைய காற்று அது. ரேடியேட்டர் பற்றிய குறைகளுள் பெரும்பாலானவை நீரின் குறைகளல்ல, காற்றின் குறைகளே என்பது இதனால் விளங்கும்.

ஜொகூரின் காற்று

இங்கிலாந்தில் 15 பாகைக் காற்றில் ஓடும் காரின் நீர் 95 பாகையில் இருந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 80 பாகை. ஜொகூரின் பகற்காற்று 32 பாகை இருக்கும்போது அவ்வேறுபாடு 63 பாகையாகச் சுருங்குகிறது. வெப்பம் செல்லும் வேகம் இவ்வேறுபாட்டைப் பொறுத்தது. ஆதலின் அதே ரேடியேட்டர் இங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே வேலை செய்யும். குளிர்நாட்டாரின் பட்டியலைப் பார்த்து அளவு தேர்ந்தெடுப்போர் இப்பங்கைக் கூட்டிக்கொள்ளுதல் வேண்டும்.

காற்றின் ஈரம் என்னாகும் என்று ஒருவர் கேட்கலாம். மண்பானையில் நீர் குளிர்வது ஆவியாதலால். மதுரை வெயிலில் நன்கு குளிரும் பானை, ஈரம் நிறைந்த ஜொகூரில் அவ்வளவாகக் குளிராது. ரேடியேட்டரில் நீர் ஆவியாவதில்லை. ஆதலின் ஈரத்தால் அதற்கு நேரடியான இடையூறு இல்லை. ஆயினும் ஈரம் பின்வாயில் வழியாக நுழைகிறது. காரின் குளிர்சாதனம் உட்காற்றின் ஈரத்தை நீராக்கிப் பிரிக்க மிகுதியாக உழைக்கிறது. அவ்வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் பெரும்பாலான கார்களில் ரேடியேட்டருக்கு முன்னே நிற்கிறது. டர்போ எஞ்சினாயின் அதற்குரிய இன்டர்கூலரும் அங்கேயே சேரும். இவற்றைக் கடந்து வரும் காற்று, ரேடியேட்டரைத் தொடும் முன்பே சூடாகிவிடுகிறது.

ஒரு பழைய பாடம்

எஞ்சின் மாற்றத்தின் இடர்ப்பாட்டைப் பட்டறைகள் மட்டுமல்லாமல் பெருந்தொழிற்சாலையும் அறிந்ததுண்டு. பிரிட்டனின் ரூட்ஸ் நிறுவனம் தன் சன்பீம் ஆல்பைன் காரில், 1.6 லிட்டர் நான்கு உருளை எஞ்சினுக்குப் பதிலாக அமெரிக்க ஃபோர்டின் 4.2 லிட்டர் எட்டு உருளை எஞ்சினைப் பொருத்தி, சன்பீம் டைகர் என்னும் பெயரில் 1964 முதல் 1967 வரை விற்றது. ஏறக்குறைய 7,000 கார்கள் செய்யப்பட்டன. புதிய எஞ்சினின் திறன் 164 குதிரைத்திறன். பழையதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இடமோ அதே இடம். தீப்பொறிச் செருகிகளுள் ஒன்றை எட்டுவதற்குப் பயணியர் அறையின் முன்தடுப்பில் துளை வைக்கவேண்டிய அளவுக்கு அந்த எஞ்சின் நெருக்கமாக அமைந்தது. வெப்பம் மிகுதல் அக்காரின் புகழோடு சேர்ந்தே வந்த குறையாயிற்று. முன்னே சிறிய வாய். உள்ளே நிறைந்து நிற்கும் எஞ்சின். சூடான காற்று வெளியேற வழியின்மை. இம்மூன்றும் சேர்ந்தால் நல்ல ரேடியேட்டரும் தோற்கும்.

தேர்வு முறை

முதலில் கார் எதற்காக என்பதைத் தெளிவு செய்தல் வேண்டும். 200 குதிரைத்திறன் உடைய காரும் சமமான நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது அத்திறனில் சிறு பகுதியையே செலவிடுகிறது. பந்தயச் சுற்றிலோ முழுத்திறனும் மீண்டும் மீண்டும் வெளிப்படும். ஜொகூரின் பாசிர் கூடாங்கில் 1986-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, 1998-ஆம் ஆண்டில் உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கும் களமாயிருந்தது போன்ற சுற்றில், நேர்ப்பாதையில் ஏறிய வெப்பம் இறங்குவதற்குள் அடுத்த நேர்ப்பாதை வந்துவிடும். சாலைக்குப் போதுமான ரேடியேட்டர் அங்கே போதாது.

இரண்டாவதாக, தடிப்பைவிட முகப்பின் பரப்பே முதன்மையானது. குழல் வரிசைகளைப் பின்னே அடுக்கிக்கொண்டே போனால், பின்வரிசைகள் முன்வரிசைகள் சூடாக்கிய காற்றையே பெறும்; காற்றுக்குத் தடையும் மிகும். காரின் முன்வாயில் இடங்கொடுக்கும் அளவுக்கு அகலமும் உயரமும் உடையதைத் தேர்ந்து, அதன் பின்னரே தடிப்பைப் பற்றி எண்ணுவது நலம்.

மூன்றாவது, உலோகம். செம்பு அலுமினியத்தினும் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் பழைய செம்பு–பித்தளை ரேடியேட்டரின் இணைப்புகள் ஈயப் பற்றால் ஆனவை. அப்பற்று வெப்பத்தை அவ்வளவாகக் கடத்தாது. அலுமினியத்தில் அகன்ற குழல்களை அமைக்கலாம், எடையும் குறையும். ஆயினும் ஒழுக்கு ஏற்பட்டால் செம்பை எந்தச் சிறு பட்டறையிலும் பற்றவைக்கலாம். அலுமினியத்துக்குத் தேர்ந்த கையும் தனிக் கருவியும் வேண்டும்.

நான்காவது, விசிறி. கடற்பால வரிசையில் நிற்கும் காருக்கு இயற்கைக் காற்று இல்லை. விசிறி ஒன்றே அதன் மூச்சு. தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இதுதான்: நிற்கும்போது எஞ்சின் தரும் வெப்பம் குறைவே, ஆனால் அதை வாங்கிச் செல்லும் காற்று அதனினும் குறைந்துவிடுகிறது. ரேடியேட்டரின் பின்னே நின்று காற்றை இழுக்கும் விசிறியும், அதன் முழு முகப்பையும் மூடி விசிறியின் வாயில் குவிக்கும் கூடும் இன்றியமையாதவை. கூடு இல்லாத விசிறி தன் வட்டத்துக்கு எதிரே உள்ள பகுதியை மட்டுமே குளிர்விக்கும். சூடான காற்றையே மீண்டும் சுழற்றவும் செய்யும். ரேடியேட்டரின் ஓரங்களில் உள்ள இடைவெளிகளையும் அடைத்தல் வேண்டும். தடையுள்ள வழியும் தடையற்ற வழியும் அருகருகே இருந்தால் காற்று தடையற்றதையே நாடும்.

ஐந்தாவது, நீரும் மூடியும். கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், வளிமண்டல அழுத்தத்தின் மேல் மற்றொரு மடங்கு அழுத்தம் ஏற்றினால் 120 பாகையில்தான் கொதிக்கும். மூடியிலுள்ள வில் அவ்வழுத்தத்தைக் காக்கிறது. சூடாயிருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென நீங்கி, நீர் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் பாயும். இதனால் நேர்ந்த தீக்காயங்கள் பல. நீரோடு கலக்கும் கிளைக்கால் பனிநாடுகளில் உறைவதைத் தடுப்பது. ஜொகூரில் உறைவு இல்லை. கிளைக்கால் மிகுந்தால் நீரின் வெப்பம் கொள்ளும் ஆற்றலும் குறையும். எனினும் அக்கலவையில் உள்ள அரிப்புத் தடைப்பொருள் இங்கும் தேவை. வெறுங்குழாய் நீர் அலுமினியத்தை மெல்ல அரித்துவிடும்.

ஆறாவது, காற்றுக் குமிழி. புதிய எஞ்சின் ரேடியேட்டரைவிட உயரமாக அமைந்தால் அதன் தலைப்பகுதியில் குமிழி தங்கும். எஞ்சின் நடுவிலும் ரேடியேட்டர் முன்னேயும் இருக்கும் டொயோட்டா எம்.ஆர்.2 போன்ற கார்களில் நீண்ட குழாய்களிலும் அது தங்கும். குமிழி தங்கிய இடத்தில் நீர் படாது; அங்கே உலோகம் வெந்து வளையும். ஆதலால் அமைப்பின் மிக உயர்ந்த இடத்தில் விரிவுத் தொட்டியை வைத்து, குமிழி ஏறிச் செல்ல வழி விடுதல் வேண்டும். வெப்பம் மிகுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது மருந்தன்று. முழுதும் திறந்த தெர்மோஸ்டாட் பெரிய நீரோட்டத்தைத் தடுப்பதில்லை. அது இல்லையேல் எஞ்சின் உரிய வெப்பநிலையை அடையாமல் தேய்மானம் மிகும்.

குறை காணும் வழி

பொருத்தி முடித்த பின் காரே தன் குறையைச் சொல்லும். நிற்கும்போது மட்டும் சூடேறினால் குறை விசிறியிலோ கூட்டிலோ உள்ளது. ஓடும்போது மட்டும் சூடேறினால் ரேடியேட்டர் சிறிது. அல்லது காற்று நுழையவோ வெளியேறவோ வழியில்லை. ரேடியேட்டருக்குள் நுழையும் குழாயின் வெப்பநிலையையும் வெளியேறும் குழாயின் வெப்பநிலையையும் அளந்து பார்த்தால் மேலும் தெளிவு பிறக்கும். இரண்டும் மிகுந்து, வேறுபாடு சிறிதாயின் காற்று போதவில்லை என்க. வேறுபாடு பெரிதாயின் நீரோட்டம் போதவில்லை. இவ்வளவும் பாராமல் மேலும் பெரிய ரேடியேட்டரை வாங்குவது, நோய் தெரியாமல் மருந்தை இரட்டிப்பதை ஒக்கும்.

கலைச்சொல் ஆக்குவோர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அயற்சொல்லை எழுத்துக்கு எழுத்து பெயர்த்து ‘கதிர்வீசி’ என்று மாணவனுக்குக் கற்பித்தால், அவன் தன் கருவி கதிரால் குளிர்விக்கிறது என்றே எண்ணுவான். காற்றின் வழியைத் தேடமாட்டான். மைபாக்கின் தாய்மொழியில் அக்கருவியின் பெயர் குளிர்விப்பது என்னும் பொருளுடையது. ரேடியேட்டர் என்றே வழங்கினும் குற்றமில்லை. தமிழில் பெயரிடுவதாயின் அதன் தொழிலைக் கண்டு ‘குளிர்விப்பான்’ என்றோ ‘வெப்பமாற்றி’ என்றோ இடுதலே தக்கது. பெயர் பொருளைக் காட்டினால், கடற்பாலத்தில் நின்றுபோன காரின் முன்மூடியைத் திறப்பவன் முதலில் விசிறியைப் பார்ப்பான்.